பூஜ்யத்தில் துள்ளும் கோடு

இரவு இரண்டே கால். ஐரோலிப் பாலத்தைத் தாண்டிப் போகும் சாலை. ஒரு பக்கம் கழிமுகம்; சேறும் உப்பும் கலந்து நாறும் புதர்க்காடு. இன்னொரு பக்கம் ஏதோ கம்பெனியின் மதில் சுவர், முடிவே இல்லாமல் நீளமாக… நடுவில் பின் டயர் பஞ்சராகி ஒருச்சாய்ந்து நிற்கும் ஒரு டெம்போ. உள்ளே பதினோரு பேர், ஒரு கீபோர்டு, இரண்டு டிரம். அப்புறம் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாக, கிறிஸ்துமஸ் தாத்தாவாக, நான்.

டிசம்பர் மாதத்துக் கேரல் ரவுண்ட்ஸ். தாராவியில் கிளம்பி, செம்பூர், ஐரோலி, உல்லாஸ்நகர் என்று எங்கள் சபைக் குடும்பங்கள் சிதறிக் கிடக்கும் இடமெல்லாம் ராத்திரி முழுக்கப் போய்க் கதவைத் தட்டிப் பாடுவோம். எனக்குப் பாட வராது. தாளமும் வராது. வயிற்றுக்குத் தலையணை கட்டத் தேவையில்லாத ஒரே ஆள் என்பதால் பதினோரு வருடமாக இந்த வேஷம் எனக்குத்தான்.

டிரைவர் இசக்கிதுரை மாற்று டயரைத் தட்டிப் பார்த்தார். அதிலும் காற்று இல்லை. பத்தே நிமிஷம் என்று சொல்லிவிட்டு டயரை உருட்டிக்கொண்டு இருட்டுக்குள் போனார். போகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

பாடல் குழுத் தலைவி விஜயராணி அக்கா, எல்லாருக்கும் உறக்கம் வருகிறது, உறங்கினால் அடுத்த வீட்டில் தொண்டை கட்டிக்கொள்ளும், அதனால் எதையாவது பேசித் தொலை என்று எனக்கு உத்தரவு போட்டார். பேய்க்கதை சொல்லட்டுமா என்றேன். தாத்தா வேஷத்தில் பேய்க்கதையா என்று சிரித்தார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

எனக்குத் தெரிந்த கதை ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை. கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்டெர்லினுடையது. செம்பூரில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், என் சிநேகிதன். அவனைப் பார்த்தேன். "சொல்லு" என்றான்.

சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஸ்டெர்லினின் சித்தி லூசியம்மாள். அவருடைய ஒரே மகன் பிரைட்டன். தாராவியில் பத்துக்குப் பதினைந்தில் வீடு. கீழே கட்டில், அடுப்பு, பீரோ. இரும்பு ஏணியில் ஏறினால் தகரக் கூரைக்கு அடியில் பலகை அடித்த இன்னொரு தட்டு, மாலா என்போம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். பிரைட்டனின் ஆபீஸ் அதுதான். ஒரு லேப்டாப், ஒரு டேபிள் ஃபேன், காதை முழுக்க மூடுகிற ஒரு ஹெட்போன்.

அமெரிக்காவில் யாருக்காவது கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போனில் பேசிச் சரிசெய்து கொடுக்கிற வேலை. முன்பு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தான், பிறகு வீட்டிலிருந்தே. அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி. எட்டு மணிக்கு ஏணி ஏறினால் விடிகாலை ஐந்துக்குத்தான் இறங்குவான். பேசும்போது பின்னால் நாய் குரைத்தால் மார்க் குறையும். குக்கர் விசில் கேட்டால் மார்க் குறையும்.

லூசியம்மாள் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். குரல் கம்மி. காதை மூடிக்கொண்டு மேலே இருக்கிறவனுக்குக் கீழே அம்மா கூப்பிடுவது எப்படித் தெரியும்? ஸ்டெர்லின்தான் வழி செய்தான். கைக்குழந்தை அழுதால் அடுத்த அறையில் கேட்கவைக்கிற ஒரு செயலி உண்டு. பழைய போன் ஒன்றில் அதைப் போட்டுச் சித்தியின் தலையணை ஓரம் வைத்தான். கீழே எழும் சத்தம் மேலே லேப்டாப்புக்கு வந்து, ஹெட்போனில் கேட்கும்.

சரி, ஒரே ஹெட்போனில் அமெரிக்காவும் அம்மாவும் சேர்ந்து பேசினால்? அதற்கும் ஸ்டெர்லினிடம் வழி இருந்தது. ஸ்பீக்கர் படத்தின் மேல் மவுஸை வைத்து வலப்பக்கப் பொத்தானைத் தட்டினால் வால்யூம் மிக்ஸர் என்று ஒன்று திறக்கும். நம் சபையில் இருக்கிறதே, அதே மாதிரி. போதகர் மைக்குக்கு ஒரு பொத்தான், கீபோர்டுக்கு ஒரு பொத்தான், என் மைக்குக்கு ஒரு பொத்தான். என்னுடையதை எப்போதும் பூஜ்யத்தில் வைத்திருப்பார்கள். நான் பாடுவது கர்த்தருக்கு மட்டும்தான் கேட்கும், அவரும் எத்தனை நாள் பொறுப்பாரோ. கம்ப்யூட்டரிலும் அதுதான். ஓடுகிற ஒவ்வொரு செயலிக்கும் தனியாக ஒரு தூண். தூணில் ஏற்றி இறக்க ஒரு பொத்தான். பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு, சத்தம் வந்தால் துள்ளும். ஆபீஸ் போன் செயலிக்கு எண்பது. பால்புட்டிப் படம் போட்ட அம்மா செயலிக்குப் பதினைந்து.

ஸ்டெர்லின் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தான். பொத்தானைப் பூஜ்யத்துக்கு இறக்கினாலும் கோடு துள்ளும். பளிச்சென்று இல்லை… வெளுத்த பச்சையில். அங்கே சத்தம் இருக்கிறது, உனக்குத்தான் கேட்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூலை மாதம். ரயில்கள் நின்றுபோன மழை. பிரைட்டனின் மனைவி ஜெனி, ஆறு வயது மகள் ஸ்வீட்டியோடு உல்லாஸ்நகரில் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டாள். கீழே லூசியம்மாள். மேலே பிரைட்டன். அவ்வளவுதான்.

பன்னிரண்டு இருபதுக்கு ஓர் அழைப்பு. அமெரிக்காவில் தனியாக இருக்கும் ஒரு கிழவி. அவள் கம்ப்யூட்டரில் சத்தமே வரவில்லையாம். பேரப்பிள்ளை வீடியோவில் வந்து வாயை அசைக்கிறான், ஒன்றும் கேட்கவில்லை என்று அழுகிறாள். அழுகிற குரலும் நூல் மாதிரி. அன்றைக்கென்று பார்த்து மேலதிகாரி ராஹில் அழைப்பை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை மார்க் குறைந்திருந்தது. மூன்றாவது என்றால் வேலை போய்விடும். அந்த நேரத்தில் பால்புட்டியிலிருந்து அம்மாவின் முனகல் வந்து கிழவியின் குரலை மறைத்தது.

ஐந்து நிமிஷம்தானே… பால்புட்டியின் பொத்தானைப் பூஜ்யத்துக்கு இறக்கினான்.

ஐந்து நிமிஷம் இரண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம் ஆனது. கிழவிக்கு மவுஸைப் பிடிக்கவே கை நடுங்கியது. ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக் கொடுத்தான். நடுவில் பச்சைக் கோடு துள்ளியது. பார்த்தான். அதுதான் விஷயம்… பார்த்தான். அம்மா ராத்திரியில் விழித்துக்கொண்டு ஜெபம் பண்ணுகிறவள். ஜெபம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று மணிக்குக் கிழவியின் கம்ப்யூட்டரில் சத்தம் வந்துவிட்டது. பேரப்பிள்ளை சிரித்தது இவனுக்கே கேட்டது. கிழவி ஆசீர்வதித்தாள். பத்துக்குப் பத்து மார்க். ஹெட்போனைக் கழற்றினான். தகரத்தில் மழை. ஏணியில் இறங்கினான். தைல வாசனை… அப்புறம் எதுவும் அசையாத ஒரு வாசனை. லூசியம்மாள் போனை இழுத்து வாயோடு ஒட்டிவைத்துப் படுத்திருந்தார். கை ஆறிப்போயிருந்தது.

டெம்போவில் விஜயராணி அக்கா, இதில் பேய் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கேட்ட குரல் அவருடையது மாதிரி இல்லை. வரும் அக்கா என்றேன். எனக்கே தாடிக்குள் வேர்த்தது.

அடக்கம் முடிந்தது. ஸ்டெர்லின் அந்தப் பழைய போனை அணைத்து, பேட்டரியைக் கழற்றி பீரோவில் வைத்தான். லேப்டாப்பில் இருந்த செயலியையும் நீக்கினான். கோடு துள்ளியதைப் பற்றிப் பிரைட்டன் யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகுதான் வேலைக்கு ஏறினான். பன்னிரண்டு இருபது. ஏதோ ஞாபகத்தில் மிக்ஸரைத் திறந்தான். ஆபீஸ் போன், எண்பது. பக்கத்தில் பால்புட்டி. பூஜ்யம். வெளுத்த பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது.

நானாக இருந்தால் ஏணிக்கே வேலை வைக்காமல் கீழே வந்திருப்பேன். அவன் பயப்படவில்லை. அவன் மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்றைக்கு அம்மா என்ன சொன்னாள்?

பொத்தானைப் பிடித்து மேலே இழுத்தான். விட்டதும் விழுந்தது. மறுபடி இழுத்தான். மறுபடி விழுந்தது. கை நழுவி ஆபீஸ் போனின் பொத்தானில் பட்டு, அது சற்று இறங்கியது. பால்புட்டி ஒரு துளி ஏறியது. ஏறி, நின்றது. ஹெட்போனில் ஒரு மூச்சு. இழுத்து… நின்று… இழுத்து. சரியாக மூன்று மணிக்குத் தூணே மறைந்துபோனது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றைக் கொடுத்தால்தான் இதில் ஏறும்.

அடுத்தடுத்த ராத்திரிகளில் ஆபீஸ் போனைக் குறைத்துக்கொண்டே போனான். வாடிக்கையாளர்கள் கத்தினார்கள், இவனுக்கு எறும்பு பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டு வாரத்தில் ராஹில் வருத்தத்தோடு வேலையிலிருந்து எடுத்துவிட்டார். எண்பது முழுக்கக் கொடுத்தும் அம்மா பத்துக்குத்தான் வந்திருந்தாள். கட்டில் முனகுவது கேட்டது. தொண்டையைச் செருமுவது கேட்டது. பேச்சு இல்லை.

லேப்டாப் சொந்தம், ஸ்டெர்லின் கொடுத்தது. வேலை போன பிறகும் பன்னிரண்டு இருபதுக்கு ஏறினான். இனிமேல் கொடுக்க எதுவும் இல்லையே என்று உட்கார்ந்திருந்தபோது மிக்ஸரில் புதிதாக ஒரு தூண் முளைத்தது. அடியில் ஒரு டேபிள் ஃபேன் படம்.

இறக்கினான். பக்கத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காற்று முகத்தில் பட்டது. சத்தம் மட்டும் நின்றுபோனது.

அப்புறம் ஒன்றொன்றாக வந்தன. கூரையில் மழை. அடுத்த சந்தில் ராத்திரி முழுக்க ஓடும் தையல் மிஷின்கள். பாலத்துக்கு அப்பால் போகும் ரயில். பால் கொதிக்கிற சத்தம், குக்கர் விசில். எல்லாவற்றையும் கொடுத்தான். கொடுத்தது பகலிலும் திரும்பவில்லை. குக்கர் பதினைந்து விசில் அடித்து அடி பிடித்தது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மாட்டுங்காவில் தண்டவாளம் தாண்டப் போனவனை யாரோ சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். வண்டி கடந்துபோன காற்றுதான் தெரிந்ததாம், வண்டி வந்தது தெரியவில்லை.

அம்மா நாற்பதுக்கு வந்தாள். ஒரு சொல் கேட்டது. "எய்யா." அவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அதன் பிறகு ஏதோ ஒரு வாக்கியம், தலையணைக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி. ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

ஜெனி காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். காதில் குறை இல்லை என்றார். சபையில் ஜெபிக்கச் சொன்னாள். கடைசியில் அவனையே உட்காரவைத்துக் கேட்டாள், சொல்லிவிட்டான். அன்றைக்கு அவளும் ஏணி ஏறிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு மிக்ஸரில் ஒரே ஒரு தூண், எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருப்பது. அவள் கணவனோ திரையில் வெறும் இடத்தில் எதையோ பிடித்து இறக்கிக்கொண்டிருந்தான். இறக்க இறக்க, அவள் பேசப் பேச, அவன் கையைக் காதுக்குப் பின்னால் குவித்தான். என்ன சொல்கிறாய், எங்கிருந்தோ கேட்கிறதே என்றான். பாதி இறக்கிய பிறகுதான் அது யாருடைய தூண் என்று அவளுக்கு விளங்கியது.

ஜெனி அவன் காதோடு வாயை வைத்துச் சொன்னாள். "எங் குரல எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. பிள்ளையத் தொடாதீங்க."

மறுநாள் காலை ஸ்டெர்லினின் கடை வாசலில் வந்து நின்றாள். கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மழையில் நனைந்திருந்தாள், துடைக்கவும் இல்லை. அண்ணா, நீங்கதான் அந்தச் சனியனைச் சொல்லிக் கொடுத்தீங்க, நீங்கதான் நிப்பாட்டணும் என்றாள். ஸ்டெர்லின் அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

அன்று ராத்திரி அவன் போனபோது ஸ்வீட்டிக்குக் கடும் காய்ச்சல். ஜெனி கீழே கட்டிலில் பிள்ளையை மடியில் போட்டு ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். மருந்து கொடுத்தாயிற்று, குறையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகணும், அவரைக் கீழே கூட்டிவாருங்கள் என்றாள். ஸ்டெர்லின் ஏணி ஏறினான்.

ஜெனிக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டேன். திரையில் ஒரு வரிசைத் தூண்கள். ஃபேன், மழை, மிஷின், ரயில், பால்… எல்லாம் தரையில். ஜெனியின் முகம், அவளும் தரையில். பாதியில் இருந்ததையும் இறக்கியிருந்தான். கடைசியில் இரண்டு மிச்சம். ஒன்றில் பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருக்கும் ஸ்வீட்டியின் படம். இன்னொன்றில் பிரைட்டனின் படம். இந்தப் பக்கம் பால்புட்டி எண்பதில் நின்று, பச்சையாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

பிரைட்டன் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய்… இவனைப் பார்த்ததும் சிரித்தான். இன்னும் கொஞ்சம்தான் என்றான். 'எய்யா, அந்த…' என்பது வரை வந்துவிட்டது, அதற்கு மேல் ஒரே ஒரு வாக்கியம்தான், இன்னும் கொஞ்சம் ஏறினால் கேட்டுவிடும் என்றான். அவன் கை ஸ்வீட்டியின் பொத்தானில் இருந்தது.

ஸ்டெர்லின் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். பனிக்கட்டி மாதிரி இருந்ததாம். பிடித்து இழுத்தான், அசையவில்லை. லேப்டாப்பை மூடப் பார்த்தான், மூடி இறங்கவில்லை. வயரைப் பிடுங்கினான். திரை அப்படியே எரிந்தது.

அப்போது கீழே ஸ்வீட்டி, "பப்பா" என்றாள். காய்ச்சல் குரல். திரையில் அவளுடைய கோடு துள்ளியது.

பிரைட்டன் அந்தக் கோட்டையே பார்த்தான். எவ்வளவு நேரம் என்று ஸ்டெர்லினுக்குத் தெரியவில்லை. மறுபடியும் "பப்பா". மறுபடியும் கோடு.

"ஒருக்க இந்தக் கோட்டப் பாத்துட்டுச் சும்மா இருந்துட்டம்லா" என்றான்.

கையை எடுத்தான். பக்கத்துத் தூணைப் பிடித்தான், அவனுடையதை. ஒரே இழுப்பில் தரைவரைக்கும் இறக்கினான்.

பால்புட்டி நூறுக்குப் போனது. ஸ்டெர்லினுக்கு ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் ஹெட்போனுக்குள். பிரைட்டனின் முகத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது. முதலில் அழுதான். அப்புறம் தலையைத் தூக்கினான், யாரோ தெரிந்தவர் நடந்து வருவதைக் கவனிக்கிற மாதிரி. அப்புறம் அவன் முகத்தில் வந்ததை என்னவென்று சொல்வதென்று ஸ்டெர்லினுக்கு இன்றுவரை தெரியவில்லை. சில நொடிதான். முழுக்கக் கேட்கக்கூட இல்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஏணியில் இறங்கி, பிள்ளையைத் தோளில் அள்ளிக்கொண்டு மழையில் ஓடினான்.

ஸ்வீட்டி பிழைத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் என்று டாக்டர் இழுத்தார். மீதியை யாரும் கேட்கவில்லை. ஆட்டோவில் போகும்போதே ஜெனி கவனித்தாள். அவன் பிள்ளையிடம் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தான். உதடு அசைந்தது. மூச்சு வந்தது. குரல் இல்லை.

தொண்டையில் குறை இல்லை என்றார்கள். இன்றுவரை இல்லை. குரலும் இல்லை. அந்தத் தூண்கள் பிறகு வரவே இல்லை. ஸ்டெர்லினின் கடையில்தான் வேலை பார்க்கிறான், நல்ல வேலைக்காரன். மற்ற சத்தங்கள் அவனுக்குத் திரும்பவில்லை, ஜெனி பேசுவதை அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான். வீட்டு மனிதரில் ஸ்வீட்டி ஒருத்திதான் அவனுக்கு முழுசாகக் கேட்கிறாள். அதனால் அந்த வீட்டில் வாயாடி அவள்தான்.

கதை அவ்வளவுதான் என்று நான் முடித்தேன். கழிமுகத்திலிருந்து காற்று வந்தது. டிரம்மின் தோல் தானாக லேசாக அதிர்ந்தது. காற்றுதான், நான் தொட்டுப் பார்த்தேன். விஜயராணி அக்கா தன் சால்வையின் ஒரு பாதியைப் பக்கத்துப் பெண்ணுக்குப் போர்த்திவிட்டு, அந்த அம்மா என்னதான் சொன்னாராம் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது அக்கா, அவன்தான் பேச முடியாதே என்றேன்.

"எழுதிக் காமிச்சான்" என்றான் ஸ்டெர்லின்.

இது எனக்குப் புதுசு. இரண்டு வருடமாக இந்தக் கதையை என்னிடம் எத்தனையோ முறை சொன்னவன், இதைச் சொன்னதில்லை.

பிரைட்டன் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஸ்வீட்டியின் நோட்டில் எழுதினானாம். தமிழ் எழுத அவனுக்கு வராது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினான். அம்மா சொன்னது முழுசாக் கேக்கல. ஆனா அம்மா தனியா இல்ல. கூட ஆள் இருந்துச்சு.

ஸ்டெர்லின் அதை இரண்டு தடவை படித்தான். கூட ஆளா? உள்ளே தாழ்ப்பாள் போட்ட வீட்டில், மழை ராத்திரியில், யார் நுழைந்திருப்பார்கள்? என்ன செய்தார்கள்? மறுநாளே பக்கத்து வீட்டுக் கோமதியம்மாளிடம் போனான். நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர்தான். லூசியம்மாளின் கட்டில் இந்தப் பக்கம், கோமதியம்மாளின் பாய் அந்தப் பக்கம். அந்த ராத்திரி எதையாவது கேட்டீர்களா என்று ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். யாரிடமும் சொல்லிவிடாதே தம்பி, எனக்கு அந்தப் பாவம் போகவே போகாது என்றார்.

அப்புறம் அவர் சொன்னதை ஸ்டெர்லின் அவர் சொன்ன மாதிரியே, மெதுவாக, கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவன் ராத்திரி பூரா அம்மகிட்டப் பேசிக்கிட்டுத்தான தம்பி இருந்தான். 'இங்கனதாம்மா இருக்கேன், எங்கயும் போவல'ன்னு. மேல இங்கிலீசு, கீழ தமிழு. ரெண்டும் ஒரே நேரத்துல, ரெண்டும் அவங் குரலு. போன ஸ்பீக்கர்ல போட்டுருக்கான் போலுக்குன்னு நெனச்சேன். சாவப் போறவாட்ட பேசுதான்னு எனக்குத் தெரியாதே. ஒறக்கம் கெடுதுன்னு பலகையத் தட்டிப்புட்டேன்."

பிரைட்டன் தரைவரைக்கும் இறக்கிய குரல் எங்கே போனது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டினதும் என்ன ஆச்சு என்று ஸ்டெர்லின் கேட்டிருக்கிறான்.

"கொறச்சிட்டான். மேல உள்ளது அப்படியேதான் கேட்டுச்சு… கீழ உள்ளத மட்டும் கொறச்சிட்டான்."